காப்பிக் கட்டை ஏற்றிய வண்டி

கண்டிக்குப் போய்க் காப்பியின் செழிப்பைப் பற்றி நாலு கட்டுரை எழுதிக்கொண்டு வா என்று எங்கள் ஆசிரியர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தூத்துக்குடியில் மாதம் இரண்டு முறை வெளிவரும் ஒரு சிறு பத்திரிகையில் நான் வேலை பார்த்தேன். எந்தக் கப்பல் வந்தது, பஞ்சு எப்படிப் போகிறது, யார் எங்கே புதுக் கிட்டங்கி கட்டுகிறார்கள், இவைதான் எங்கள் செய்திகள்.

அந்த வருஷம் ஊர் வியாபாரிகள் சேர்ந்து கடலோரத்தில் பெரிய அரிசிக் கிட்டங்கி ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். இலங்கை மலைகளில் காப்பி இருக்கும்வரை அங்கே வேலை செய்யும் சனத்துக்குச் சோறு வேண்டும். அந்த அரிசி நம் துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கிட்டங்கியில் பங்கு வாங்கத் தயங்குகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதுதான் என் கட்டுரைகளின் வேலை. ஆசிரியரும் பங்கு வாங்கியிருந்தார்.

கப்பலில் கொழும்பு போய், கண்டியில் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் என்னைத் திகைக்க வைத்தது தண்ணீர். எங்கள் ஊரில் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் விடியுமுன்னே நடக்க வேண்டும். இங்கே பாதையோரத்து மண்சுவரிலிருந்து தண்ணீர் சும்மா வழிந்துகொண்டிருந்தது. பிடிக்க ஆளில்லை. உப்புக் காற்றுக்குப் பழகிய என் மூக்குக்கு ஈர மண்ணும் அழுகிய இலையும் மணத்தன. தங்குவதற்கு உமறு லெப்பை என்பவர் வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. கடைத்தெருவில் தோட்டங்களுக்கு அரிசி, கருவாடு, கம்பளி விற்கும் வியாபாரி; எங்கள் பத்திரிகையின் சந்தாதாரர். அவர் என்னைத் தம்பி என்றார். மற்றவர்கள் அழைப்பதைப் பார்த்து நானும் அவரை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கத் தொடங்கினேன்.

இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மாசிச் சம்பலும் வந்தன. மாசிக் கருவாடு எங்கள் ஊரிலும் உண்டு; ஆனால் இந்த இடி இடித்து, இந்த உறைப்பில் தின்றதில்லை. கடைசியில் வட்டிலப்பம். ஏலக்காய் மணக்க, கருப்பட்டி நிறத்தில், கரண்டி வைத்தால் நடுங்கியது. சாப்பிட்டு முடித்துக் காப்பி கேட்டேன். காப்பிச் சீமைக்கு வந்து காப்பி குடிக்காமல் படுப்பதா? உள்ளேயிருந்து வந்த கிண்ணத்தில் ஒரு வாய் குடித்ததும் கொத்தமல்லி என்று தெரிந்துவிட்டது. வீட்டில் கோப்பி இல்லை தம்பி, இப்போதெல்லாம் மல்லிதான் என்று நானா சொன்னார். அங்கே எல்லோரும் கோப்பி என்றுதான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அரிசி மூட்டைகள் சுவரை மறைத்து நின்றன. கம்பளிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. 'கண்டிக் கடைகளில் சரக்கு நிரம்பி வழிகிறது' என்று எழுதினேன். விற்காத சரக்கும் அப்படித்தான் நிரம்பி நிற்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கரத்தை என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கை மணிக்கட்டுப் பருமனில், பட்டை உரித்த வெள்ளைக் கட்டைகள். விறகா என்று கேட்டேன்.

"கோப்பி மரம் தம்பி. சீமைக்குப் போகுது. அங்க மேசைக்குக் கால் செய்யிறாங்களாம்," என்றார் நானா.

பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதிது நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் ஒரு வளர்ச்சியாகக் குறித்துக்கொண்டேன். நானா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் என்று சொல்லி, புசல்லாவைப் பக்கம் கட்டை ஏற்றப் போகும் வெறும் கரத்தை ஒன்றில் என்னை ஏற்றிவிட்டார்.

வண்டிக்காரர் பண்டா ஐம்பது வயதுச் சிங்களவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். என்னோடு பேசியதைவிட மாடுகளோடு பேசியதுதான் அதிகம். கம்பளை என்ற ஊரில் இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும் மலை ஏறினோம். வழியில் ஒரு பலகாரக் கடையில் நிறுத்தி, கடைக்காரப் பெண்ணிடம் என்னைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னீர்கள் என்று விடாமல் கேட்டேன். இந்த ஐயா கோப்பி பார்க்க வந்திருக்கிறார், பத்து வருஷம் பிந்தி வந்துவிட்டார் என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு அரை நாழிகைகூட ஆகியிருக்காது, ஒரு வளைவில் வண்டியின் கடையாணி கழன்று சக்கரம் தனியாக ஓடிவிட்டது. நான் பாதையோரக் காட்டுக்குள் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை. எழுந்து பார்த்தால் இரண்டு காலிலும் அட்டைகள். எங்கள் ஊரில் காலில் முள் குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும். இப்படிச் சத்தமில்லாமல் இரத்தம் குடிக்கும் பிராணி கிடையாது. பண்டா சுண்ணாம்பைத் தடவி ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, சக்கரத்தைத் தேடிக் கீழே இறங்கினார்.

நான் பாதையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு கூட்டம். தலையில் பானை, தோளில் சாக்கு மூட்டை. ஆண்களும் பெண்களுமாக நடந்து வந்தார்கள். நம் பக்கத்துச் சனம் என்று பார்த்ததும் தெரிந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். தோட்டத்தை மூடியாயிற்று, கண்டிக்குப் போகிறோம் என்றார்கள். கூட்டிவந்த கங்காணி எங்கே என்றதற்கு, முன்னால் போய் வேலை பார்த்து வைக்கிறேன் என்று சொல்லிப் போனவர், போய்ப் பத்து நாளாகிறது என்றார்கள்.

இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி மட்டும் நின்றாள். பெயர் பேச்சியம்மாள், விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கிராமம். நான் மேலே போகிறேன் என்று தெரிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் புருஷன் சுடலைமுத்து காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் தோட்டத்தில் கிடக்கிறான். பிள்ளைக்குச் சோறில்லாததால் அவனே இவர்களை விரட்டியிருக்கிறான். கண்டியில் மஹய்யாவை என்ற இடத்தில் ஊர்க்காரி ஒருத்தி தெருக்கூட்டும் வேலை பார்க்கிறாள். அவளிடம் போய் இருப்போம் என்றாள்.

"உசுரு இருந்தாச் சொல்லுங்க, மஹய்யாவையில இருக்கோம்னு. இல்லைன்னா அதையும் வந்து சொல்லிப்புடுங்க ஐயா."

நானா வீட்டில் கட்டிக்கொடுத்த பிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கி, பிள்ளையின் வாயில் ஒரு பிடி வைத்துவிட்டு, மீதியைக் கூட்டத்தில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

சக்கரத்தை மாட்டிக்கொண்டு மத்தியானத்துக்குப் பிறகு தோட்டம் வந்து சேர்ந்தோம். நான் மனத்தில் வரைந்து வைத்திருந்த காப்பித் தோட்டம் கரும்பச்சை இலையும் சிவப்புப் பழமுமாக இருந்தது. என் முன்னால் ஒரு மலை முழுக்க மொட்டைக் குச்சிகள் நின்றன. அதற்கு அடுத்த மலையிலும், அதற்கு அப்பாலும். தீப்பிடித்து எரிந்த இடம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கரி இல்லை. புகை நாற்றம் இல்லை. பழம் அலசும் கொட்டகையில் தண்ணீர்ச் சக்கரம் நின்றுபோயிருந்தது. காப்பி காயப்போடும் களத்தில் புல் முளைத்திருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூடக் கேட்காத அத்தனை பெரிய மலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அங்கே மிச்சமிருந்த உத்தியோகஸ்தர் ஒருவர்தான்: கணக்கப்பிள்ளை வேலுப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர். சலவைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். தோட்டமே இல்லாத தோட்டத்தில் அவர் அப்படி இருந்தது எனக்கு என்னவோ செய்தது. பத்திரிகைக்காரன் என்று சொன்னதும் என்னை ஒரு செடியிடம் கூட்டிப்போனார். அதில் நாலைந்து இலைகள் மீதி இருந்தன. ஒன்றைத் திருப்பி என் முன்னால் நீட்டினார்.

"விரலால தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். விரல் முழுக்க ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்தேன், வேட்டியில் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தூள் காற்றில் மலைக்கு மலை போகும், இதற்கு மருந்து இல்லை, இலை எல்லாம் கொட்டிவிடும், மரம் மறுபடி துளிர்க்கும், மறுபடி கொட்டும், கடைசியில் செத்துவிடும் என்று அவர் விவரித்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாளில்லை, பல வருஷமாக என்றார். துரை கொழும்புக்குப் போய் இரண்டு மாதம். வருகிறேன் என்றுதான் சொல்லிப் போனாராம். அரிசி வருவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. பிறகு ஏன் ஒரு பத்திரிகையும் இதைச் சரியாக எழுதவில்லை என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"எழுதினால் காணியை ஆர் வாங்குவான் தம்பி? வாங்கினவன் இன்னொருத்தன்ர தலையில கட்டுமட்டும் வாய் திறக்கமாட்டான்."

நான் அந்தக் களத்தில் புல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த கிட்டங்கிச் சுவர் கண்முன் வந்தது. இங்கே வருவதற்கு அடுத்த கப்பலுக்காக மூட்டையோடு வந்து கடற்கரையில் படுத்துக் கிடக்கும் சனமும் வந்தது. வேலுப்பிள்ளை பக்கத்தில் வந்து கையை நீட்டினார். எழும்புங்கோ, முதல் சாப்பிடுவம் என்றார். அவித்த பலாக்காயும் உப்பும் இருந்தன. ஓரமாக ஒரு பானையில் அரிசிக் கஞ்சி இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. அது சுடலைமுத்துவுக்கு என்றார்.

ஆக, ஆள் உயிரோடு இருந்தான்.

லயம் என்று சொல்லும் நீளமான கட்டடத்தில் வரிசையாக அறைகள். எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. அடுப்புக் கற்கள் ஆறிக் கிடந்தன. கட்டடத்துக்குப் பின்னால் புதிதாக மூடிய மண்மேடுகள் இருந்தன. கடைசி அறையில் சாக்கின்மேல் சுடலைமுத்து படுத்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் தெளிவாக இருந்தது. பேச்சியம்மாள் சொன்னதைச் சொன்னேன். பிள்ளை நடந்து போனதா, தூக்கிப் போனார்களா என்று கேட்டார். அம்மா இடுப்பில்தான் போனது, பிட்டு தின்றது என்றேன். அதன் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பண்டாவின் வண்டியில் கட்டைகளை ஏற்றி முடித்தபோது, இவரையும் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். பண்டா முடியாது என்றார். வழியில் ஆள் செத்துப்போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலுப்பிள்ளை அவரைத் தனியாக அழைத்துச் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். பண்டா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வண்டிக்குப் போய், மேல் வரிசைக் கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாதையோரம் போட்டுவிட்டு, வைக்கோலைப் பரப்பினார். அவருடைய கம்பளியையும் அதன்மேல் விரித்தார்.

நீங்களும் வாருங்கள் என்று வேலுப்பிள்ளையை அழைத்தேன். ஓம், பிறகு வாறன் என்றார். வரமாட்டார் என்று தெரிந்தது.

இறங்கும் வழியில் மழை இல்லை. செத்த காப்பி மரங்களின்மேல் நானும் சுடலைமுத்துவும் ஆடி ஆடிப் போனோம். கம்பளைக்கு வந்ததும் வாங்கிக் கொடுத்த சூடான கஞ்சி அவருக்கு உள்ளே தங்கியது. கொஞ்சம் பேச வந்தது. இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். ஊரில் பருத்தி கருகிப் போயிருந்ததாம். ஒரு நாள் கடையில் ஒருவர் பத்திரிகை படித்துக் காட்டினாராம். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டதாம். சொல்லிக் காட்டினார்.

"கண்டிச் சீமையில் மூன்று வேளையும் அரிசிச் சோறு. குளிருக்குக் கம்பளி. நோய் என்று படுத்தால் துரைமாரே மருந்து கொடுப்பார்கள். உழைக்கத் துணிந்தவனுக்கு அந்த மலை தாய்மடி."

ஒரு சொல் பிசகவில்லை. தாய்மடி என்று போட்டது நான்தான். ஒரு கங்காணி எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொல்லச் சொல்ல, ஒரே மூச்சில் எழுதியது. மலை எப்படி இருக்கும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அந்த வாக்கியம் அழகாக வந்திருக்கிறது என்று ஆசிரியர் தட்டிக்கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை. பேராதனைப் பாலத்தைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன், அதை எழுதியவன் நான்தான் என்று.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்:

"நல்லாத்தான் எழுதியிருந்தீக."

என் வாழ்நாளில் என் எழுத்தைப் பற்றி யாரும் அதைவிடக் கடுமையாக ஒன்றும் சொன்னதில்லை.

மஹய்யாவையில் விசாரித்து, ஒரு சரிவில் நெருக்கமாக இருந்த குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம். பேச்சியம்மாள் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் சொல்லப்போவது எது என்று என் முகத்தில் தேடினாள். நான் வண்டியைக் காட்டினேன். அவள் ஓடவில்லை. மெல்ல நடந்து போய், வைக்கோலில் கிடந்தவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்ததும் அப்படியே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பண்டா மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் சாக்கில் அப்பால் போய்விட்டார்.

நானா ஒரு வைத்தியரை அனுப்பினார். நானாவின் மனைவி ஒரு பானை நிறையக் கஞ்சி அனுப்பினார். நான் கடையில் ஒரு அரிசி மூட்டையை மேசையாக்கிக்கொண்டு இரண்டு நாள் எழுதினேன். பழைய குறிப்புகளைக் கிழித்துப்போட்டேன். எழுதி முடித்ததும் முதலில் சுடலைமுத்துவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் மடியில் இருந்தது. முழுவதும் படித்துக் காட்டினேன். 'மலைநாட்டில் காப்பிப் பயிர் பெரிதும் நலிவுற்றிருக்கிறது' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நலிவுன்னா எங்க ஊர்ல யாருக்கும் விளங்காது. செத்துப்போச்சுன்னு போடுங்க."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

ஊர் திரும்பியதும் ஆசிரியர் அதை நின்றுகொண்டே இரண்டு தரம் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. இதை அச்சிட்டால் நாளைக்கு இந்த ஊரில் நம் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள் என்றார். அவருடைய பங்கு என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசியில், கீழே உன் பெயர் வேண்டாம், என் பெயரைப் போடு, உனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றார். இரண்டு பெயரையும் போட்டோம். வியாபாரிகள் அந்த வாரமே விளம்பரங்களை நிறுத்தினார்கள். ஒருவர் அச்சுக்கூட வாசலில் நின்று எங்களை ஊர்த்துரோகிகள் என்று ஏசிவிட்டுப் போனார். கொழும்பிலிருந்தும் அதே செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிய பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. கிட்டங்கிச் சுவர் இடுப்பளவில் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் போயிருக்கும். வேலுப்பிள்ளையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே மலையில் காப்பிக் கட்டைகளைத் தோண்டி எறிந்துவிட்டுத் தேயிலை நடுகிறார்களாம். புதுத் துரை வந்திருக்கிறார். செடி நன்றாக வருகிறது, இதற்கு நோய் வராது என்கிறார்கள். ஆள் ஏராளமாக வேண்டும். உங்கள் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட இயலுமா என்று துரை கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தார். சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் மஹய்யாவையிலேயே நகரத் துப்புரவு வேலையில் இருப்பதாகவும் ஒரு வரி.

கடிதத்தை நாலைந்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு பதில் எழுதினேன். சுடலைமுத்துவை அந்த மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், லயத்தையும் காட்டுங்கள், அவர் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் போடுகிறேன் என்று.

ஒரு மாதம் கழித்து வேலுப்பிள்ளையின் பதில் வந்தது. நேரில் போய்க் கேட்டாராம். வண்டி வைத்துக் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னாராம். சுடலைமுத்து பேச்சியம்மாளைப் பார்த்தாராம், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாளாம். அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் அந்த விளம்பரத்தைப் போடவில்லை. ஆனாலும் இலங்கைக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள் நிரம்பித்தான் போயின.